கல்லாப்பெட்டி ஓரக் கணினி: வி.பி.என். கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது வி.பி.என். (நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு நிறுவனம் வழியாக அனுப்பும் சேவை) பற்றிப் போகிறபோக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். அந்தரங்கம் பற்றிப் பேசும்போது பெயரை அச்சில் போட மனம் வரவில்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். யூடியூபில் எதைப் பார்த்தாலும் நடுவில் வி.பி.என். விளம்பரம் வருகிறது. அது இல்லாமல் நெட் பேங்கிங் செய்தால் பாஸ்வேர்டு திருடு போய்விடும் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பெரிய தள்ளுபடியாம். என் பென்ஷன் கணக்கைப் போனில்தான் பார்க்கிறேன். கட்டிவிடலாமா? (தென்காசி)

கட்ட வேண்டாம் சார். உங்கள் பென்ஷன் கணக்குக்கு அது தேவையில்லை. ஏன் என்று சொல்ல, என் பழைய தொழிலிலிருந்து தொடங்க வேண்டும்.

2003-இலிருந்து ஆறு வருடம் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பிளைவுட் தடுப்பு போட்டு எட்டுக் கணினிகள். இணைய இணைப்பு ஒன்றே ஒன்றுதான். அது கல்லாப்பெட்டி ஓரத்தில் இருந்த ஒன்பதாவது கணினிக்கு வந்து, அங்கிருந்துதான் மற்ற எட்டுக்கும் பிரியும். 2004 மழைக்காலத்தில் நெட் அடிக்கடி நின்றுபோனது. காரணம் தேடுவதற்காக அந்த ஒன்பதாவது கணினியில் எத்திரியல் என்ற மென்பொருளைப் போட்டேன். வயர்ஷார்க் என்ற பெயரில் இன்றும் அது இருக்கிறது. கம்பியில் போகும் ஒவ்வொரு துண்டையும் வரிவரியாகத் திரையில் ஓடவிடும். ஒரு வரியைச் சும்மா தட்டினேன். கீழே ஒரு கடிதம் விரிந்தது.

மூன்றாம் நம்பரில் உட்கார்ந்திருந்த அம்மா, வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டிருந்தார். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நகையை வைத்த விஷயத்தை அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை... அதற்குமேல் படிக்காமல் மூடினேன். பத்து நிமிடம் கழித்து அவர் கல்லாவுக்கு வந்து, பதினைந்து ரூபாயை எண்ணி வைத்து, "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை. அவருக்குத் தெரியாமலேயே அவர் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டது போல இருந்தது. இன்றைக்கும் அந்தக் கூச்சம் போகவில்லை.

அன்றைக்கு அவரிடம் வி.பி.என். இருந்திருந்தால் நிச்சயம் உதவியிருக்கும். ஆனால் அந்தக் காலம் மாறிவிட்டது. ஜிமெயில் 2010 ஜனவரியில் பூட்டுப்போட்ட இணைப்பை எல்லாருக்கும் இயல்பான வழியாக்கியது. அதே வருடம் அக்டோபரில் ஃபயர்ஷீப் என்ற சின்னக் கருவி வெளியானது. ஒரே வைஃபையில் இருக்கும் அடுத்தவர் ஃபேஸ்புக் கணக்குக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்று அது காட்டியதும் உலகமே அரண்டது. 2013-இல் ஃபேஸ்புக்கும் எல்லாருக்கும் பூட்டுப் போட்டது. 2015-இல் லெட்ஸ் என்கிரிப்ட் வந்து, அந்தப் பூட்டுக்கான சான்றிதழை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. தள முகவரியின் தொடக்கத்தில் எச்.டி.டி.பி.எஸ். என்று பார்க்கிறீர்களே, அந்தக் கடைசி 'எஸ்'தான் அந்தப் பூட்டு.

உங்கள் கேள்வி வந்த அன்று ராத்திரி, பழைய சோதனையை என் வீட்டில் திரும்பச் செய்தேன். லேப்டாப்பில் வயர்ஷார்க்கை ஓடவிட்டு, என் வங்கித் தளத்தைத் திறந்து உள்ளே போனேன். முதல் சில வரிகளில் வங்கித் தளத்தின் பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பொருளில்லாத எழுத்துக் குப்பை. பாஸ்வேர்டும் இல்லை, இருப்புத் தொகையும் இல்லை. வி.பி.என். போடாமல்தான் இதைச் செய்தேன்.

அப்படியானால் வி.பி.என். என்ன செய்கிறது? உங்கள் போனிலிருந்து அந்த நிறுவனத்தின் சர்வர் வரைக்கும் பூட்டிய குழாய் ஒன்று போடுகிறது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது உங்கள் இணைய நிறுவனத்துக்கும் வைஃபைக்காரருக்கும் தெரியாது. நீங்கள் போகும் தளத்துக்கு உங்கள் ஐ.பி. முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்புக்கு உரிய எண், தெரியாது. ஆனால் குழாயின் மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் சார். என்னுடைய ஒன்பதாவது கணினி இருந்த இடத்தில் இப்போது அவர் கணினி இருக்கிறது. பார்க்கக்கூடிய ஆளை மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். அந்த ஆள் உங்கள் இணைய நிறுவனத்தைவிட நம்பகமானவரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

உங்கள் பென்ஷனுக்கு ஆபத்து வரும் வழி வேறு. கே.ஒய்.சி. முடிந்துவிட்டது என்று வரும் போன், வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பு (திறந்தால் போனில் செயலியை நிறுவும்), ஓ.டி.பி. கேட்கும் இனிமையான குரல். இவற்றை எந்த வி.பி.என்.னும் தடுக்காது. இரண்டு வருடக் கட்டணத்தை எடுத்து வையுங்கள். 1930 என்ற எண்ணை மட்டும் போனில் பதிந்துகொள்ளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே கூப்பிட வேண்டிய எண் அது.

கோவையில் ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் இரண்டு இலவச வி.பி.என். செயலிகளை வைத்திருக்கிறாள். ஹாஸ்டல் வைஃபையை நம்ப முடியாது என்கிறாள். இலவசம்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமா? (திருச்சி)

ஹாஸ்டல் வைஃபை பற்றி அவள் நினைப்பது சரிதான். எந்தப் பெண் எந்தத் தளத்துக்குப் போகிறாள் என்று அங்கே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் அவள் தேர்ந்தெடுத்த மருந்து நோயைவிட மோசமாக இருக்கலாம்.

2016-இல் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 283 ஆண்ட்ராய்டு வி.பி.என். செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீய நிரலின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் எதையும் பூட்டவே இல்லை. பூட்டு விற்கும் கடையில் பூட்டே இல்லை என்பது போல.

பெரிய பெயர் என்றாலும் கவனம் வேண்டும். ஒனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை 2013-இல் ஃபேஸ்புக் வாங்கியது. "உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம்" என்று சொல்லி அதன் வி.பி.என்.னை இலவசமாகக் கொடுத்தது. கோடிக்கணக்கான போன்களில் மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு அந்தக் குழாய் வழியாக ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதையும் அவர்கள் அதில்தான் பார்த்தார்கள். 2018-இல் ஆப்பிளின் செயலிக் கடையிலிருந்து அது வெளியேறியது. மக்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

இன்னொரு வகை இருக்கிறது, எனக்கு அதுதான் அதிகக் கவலை. மாஸ்க்வி.பி.என்., டியூவி.பி.என். போன்ற இலவச மென்பொருள்களைப் போட்டவர்களின் கணினிகள், அவர்களுக்கே தெரியாமல் வாடகைக்கு விடப்பட்டன. குற்றவாளிகள் காசு கொடுத்து அந்த வீடுகளின் ஐ.பி. முகவரியிலிருந்து மோசடி செய்தார்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை இந்த வலையை முடக்கியபோது 1.9 கோடி முகவரிகள் அதில் சிக்கியிருந்தன. 911 எஸ்5 என்பது அதன் பெயர். உங்கள் மகளின் முகவரியிலிருந்து யாரோ மிரட்டல் அனுப்பினால் போலீஸ் முதலில் வந்து நிற்பது ஹாஸ்டல் வாசலில்.

அவள் போனை வாங்கி அந்த இரண்டு செயலிகளும் என்னென்ன அனுமதி வாங்கியிருக்கின்றன என்று பாருங்கள். தொடர்பு எண்கள், எஸ்.எம்.எஸ்., இருப்பிடம் இவற்றில் எதுவும் வி.பி.என். வேலைக்கு வேண்டாம். கேட்டிருந்தால் அப்போதே நீக்கிவிடுங்கள். இலவசமாக வேண்டும் என்றால் புரோட்டான் வி.பி.என். இருக்கிறது. சுவிட்சர்லாந்து நிறுவனம், செயலியின் நிரல் எல்லாரும் பார்க்கும்படி வெளியில் இருக்கிறது, டேட்டா அளவுக்கு வரம்பு இல்லை. காசு கட்டுகிறவர்களின் பணத்தில் இலவசப் பகுதி நடக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கருவி மட்டும், நாட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. என் மகளுக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

திட்டாமல் சொல்லுங்கள் அம்மா. பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அவளாகவே யோசித்திருக்கிறாள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன். பயணத்தில் ஹோட்டல், ரயில் நிலைய வைஃபைதான். காசு கொடுத்து வாங்கத் தயார். ஆனால் எல்லா நிறுவனமும் "எந்தப் பதிவும் வைப்பதில்லை" என்கிறது. யாரை நம்புவது? எந்த இணையதளத்தின் தரவரிசையைப் பார்ப்பது? (சேலம்)

தரவரிசையிலிருந்தே தொடங்குகிறேன். "முதல் பத்து வி.பி.என்." என்று தேடினால் வரும் தளங்களில் பெரும்பாலானவை, நீங்கள் அங்கே சொடுக்கி வாங்கினால் கமிஷன் பெறுகின்றன. அதற்கும் மேலே ஒரு படி உண்டு. கேப் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் 2017-இல் சைபர்கோஸ்ட், 2019-இல் பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ், 2021-இல் 93.6 கோடி டாலருக்கு எக்ஸ்பிரஸ்வி.பி.என். என்று வரிசையாக வாங்கியது. அதே 2021-இல் வி.பி.என்.மென்டார் என்ற புகழ்பெற்ற மதிப்பீட்டுத் தளத்தை நடத்திய நிறுவனத்தையும் வாங்கியது. விற்கிறவரும் அவரே, தரம் சொல்கிறவரும் அவரே. கேப்பின் பழைய பெயர் கிராஸ்ரைடர். பிரவுசருக்குள் விளம்பரம் நுழைக்கிறவர்கள் பயன்படுத்திய ஒரு தளத்தை அப்போது நடத்தியது. இப்போதைய சேவை கெட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வாங்குமுன் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

"பதிவு வைப்பதில்லை" என்ற வாக்கியத்தை விளம்பரத்தில் எழுதச் செலவில்லை. ஹாங்காங்கைச் சேர்ந்த யு.எஃப்.ஓ. வி.பி.என். அப்படித்தான் எழுதியிருந்தது. 2020 ஜூலையில் அதன் சர்வர் ஒன்று பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. உள்ளே பயனர்களின் பாஸ்வேர்டு, ஐ.பி. முகவரி, எப்போது இணைந்தார்கள் என்ற விவரம் எல்லாம் இருந்தன. ஐ.பி.வானிஷும் இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2016-இல் ஒரு வழக்கில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குப் பயனரின் பதிவுகளைக் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்துத்தான் அது வெளியே தெரிந்தது. அதற்குள் நிறுவனம் கை மாறியிருந்தது.

அதனால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கதவைத் தட்டிக்கொண்டு போலீஸ் வந்தபோது என்ன நடந்தது?

முல்வாட் என்ற சுவீடன் நிறுவனத்துக்கு அந்த நாள் 2023 ஏப்ரல் 18. கோத்தன்பர்க் நகரில் இருக்கும் அதன் அலுவலகத்துக்குப் போலீசார் சோதனை ஆணையோடு வந்தார்கள். வாடிக்கையாளர் விவரம் அடங்கிய கணினிகளை எடுத்துப்போவது நோக்கம். நீங்கள் தேடுவது எங்களிடம் இல்லவே இல்லை, சேவை எப்படி இயங்குகிறது பாருங்கள் என்று ஊழியர்கள் காட்டினார்கள். போலீசார் வெறுங்கையோடு திரும்பினார்கள். இது அதிர்ஷ்டத்தால் நடந்ததில்லை. முல்வாடில் சேர மின்னஞ்சல்கூடக் கேட்க மாட்டார்கள். ஒரு நீண்ட எண்ணைத் தருவார்கள். அதுதான் உங்கள் பெயர், அதுதான் கணக்கு. மாதம் 5 யூரோ. ஒரு மாதம் வாங்கினாலும் ஒரு வருடம் வாங்கினாலும் அதே விலை, நீண்ட காலத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பது கிடையாது. தபால் உறையில் நோட்டை வைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்பிரஸ்வி.பி.என்.னுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது. 2016 டிசம்பரில் துருக்கியில் ரஷ்யத் தூதர் ஆந்த்ரேய் கார்லோவ் கொல்லப்பட்ட வழக்கு விசாரணையில், அங்கிருந்த அதன் சர்வரையே அதிகாரிகள் எடுத்துப்போனார்கள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கேப் வாங்குவதற்கு முந்தைய கதை இது. நல்ல பெயரையும் சொந்தக்காரரையும் சேர்த்து எடை போட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

என் பையில் வைத்திருப்பது முல்வாட். உங்கள் வேலைக்கு அதுவோ, காசு கட்டும் புரோட்டானோ போதும். யாரிடமும் நான் கமிஷன் வாங்கவில்லை. எதை வாங்கினாலும் முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். நிறுவனம் கை மாறினால் மறுமாதமே விலகலாம். ஆட்டோபே போட்டிருந்தால் அன்றைக்கே அதை ரத்து செய்து வையுங்கள். முதல் தவணையில் சலுகை விலை கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு வசூலிக்கிறவர்கள் உண்டு.

வாங்கிய பிறகு அமைப்பில் 'கில் ஸ்விட்ச்' என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ரயில் நிலைய வைஃபை விட்டுவிட்டு வரும். ஒரு நொடி குழாய் அறுந்தாலும் போன் தானாக வெறும் இணைப்புக்குத் தாவிவிடும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். இந்த அமைப்பு இருந்தால் குழாய் அறுந்ததும் நெட்டே நின்றுவிடும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அதற்காகத்தானே காசு கொடுத்தோம்.

என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். வாட்ஸ்அப் காலில் பேச முடியாது என்பதால் ரூமில் எல்லாரும் வி.பி.என். போட்டுக்கொள்கிறார்களாம். பயமாக இருக்கிறது. தப்பா? (இராமநாதபுரம்)

பயம் நியாயமானது அம்மா. ஐக்கிய அரபு அமீரகத்தில் வி.பி.என். என்பதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. கம்பெனிகளும் வங்கிகளும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் குற்றம் செய்யவோ, அதை மறைக்கவோ ஐ.பி. முகவரியை மாற்றினால் சிறையும், 5 லட்சம் திர்ஹத்திலிருந்து 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் போடலாம் என்று 2021-ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டம் சொல்கிறது. அனுமதி பெறாத இணைய அழைப்பு அங்கே தடை செய்யப்பட்ட விஷயம். அந்தத் தடையைத் தாண்டத்தான் இவர்கள் வி.பி.என். போடுகிறார்கள். ரூமில் பத்துப் பேர் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வேறு ஏதாவது சின்ன விஷயத்துக்குப் போனை வாங்கிப் பார்க்கிற நாளில், இதுவும் சேர்ந்துகொள்ளும். வேலையும் விசாவும் போகிற அளவுக்கு இதில் என்ன லாபம்?

போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன. கட்டணம் இருந்தாலும் அதில் பேசுங்கள். நீங்களும் அதே செயலியை இங்கே போட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பத் தடை இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆளுக்கொரு நிமிடம் பேசிப் பதிந்து அனுப்பட்டும். டூட்டி முடிந்து ராத்திரி ரூமுக்கு வந்ததும் கேட்பார்.

வி.பி.என். போட்டால் யு.பி.ஐ. செயலி திறக்க மாட்டேன் என்கிறது. (ஈரோடு)

அது சரியாகத்தான் வேலை செய்கிறது. ஈரோட்டில் இருக்கும் நீங்கள் திடீரென்று நெதர்லாந்திலிருந்து பணம் அனுப்புவதாக அதற்குத் தெரிகிறது. வங்கிச் செயலிகளை மட்டும் குழாய்க்கு வெளியே விடும் வசதி நல்ல வி.பி.என். பலவற்றில் உண்டு.

பிரவுசரில் தடம் வைக்காத 'இன்காக்னிட்டோ' முறையைப் போட்டாலே போதாதா? (விருதுநகர்)

போதாது. அது உங்கள் கணினியில் மட்டும் தடம் விடாது. வெளியே எல்லாருக்கும் எப்போதும் போலத் தெரியும். இன்காக்னிட்டோவிலும் தகவல் திரட்டினார்கள் என்று தொடுத்த வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-இல் ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் வி.பி.என். சட்டப்படி சரியா? தடை செய்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. (மதுரை)

நாடு தழுவிய தடை கிடையாது. வாட்ஸ்அப் செய்தி எதைத் திரித்துச் சொல்கிறது என்றும் புரிகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் என்ற, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. வி.பி.என். விற்கிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஒதுக்கிய ஐ.பி. முகவரி, எதற்காக வாங்கினார் என்பதெல்லாம் ஐந்து வருடம் பதிந்து வைக்க வேண்டும் என்றது. அலுவலகங்கள் தங்கள் ஊழியருக்காக நடத்தும் வி.பி.என்.னுக்கு இது பொருந்தாது. பதிவே வைக்காத நிறுவனங்கள் இதை ஏற்க முடியாது என்று இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போயின. எக்ஸ்பிரஸ்வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்டு, புரோட்டான் எல்லாம் போய்விட்டன. இன்று அவற்றின் பட்டியலில் 'இந்தியா' என்று இருந்தால், இந்திய முகவரியைக் காட்டும் சர்வர் சிங்கப்பூர் மாதிரி வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். உங்களிடம் பெயர், முகவரி வாங்கிக்கொண்டு இந்தியாவுக்குள்ளேயே சர்வர் வைத்திருக்கிறோம் என்று சொல்லும் சேவையை, அந்தரங்கத்துக்காக வாங்குவதில் அர்த்தம் இல்லை.

2025 தொடக்கத்தில் உள்துறை அமைச்சகத்தின் உத்தரவால் ஆப்பிள், கூகுள் கடைகளிலிருந்து சில வி.பி.என். செயலிகள் இந்தியாவில் மறைந்தன. கிளவுட்ஃபிளேர் என்ற இணைய நிறுவனத்தின் 1.1.1.1 என்ற செயலி அதில் ஒன்று. ஜம்மு காஷ்மீரில் மாவட்ட ஆட்சியர்கள் அவ்வப்போது வி.பி.என்.னுக்குத் தடை போட்டிருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் உள்ளூர் உத்தரவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, வி.பி.என். இல்லாமல் செய்தால் எது குற்றமோ அது வி.பி.என். போட்டுச் செய்தாலும் குற்றம்தான்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருடைய பெயரையும் ஐந்து வருடம் எழுதி வைக்கச் சொல்வது தவறு. அந்தப் பதிவேடு என்றைக்காவது யு.எஃப்.ஓ. போலத் திறந்து கிடக்கும். கல்லாப்பெட்டி ஓரத்தில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்: சேர்த்து வைக்காத தகவலை மட்டும்தான் யாராலும் திருட முடியாது.

2022 ஏப்ரல் மாதம் இங்கே சமூக ஊடகங்களை முடக்கியபோது அவசரத்துக்குக் கண்ணில் பட்ட வி.பி.என். ஒன்றைப் போட்டேன். இன்றும் கைபேசியில் கிடக்கிறது. பாவிக்கலாமா, அழிக்கலாமா? (யாழ்ப்பாணம்)

அழித்துவிடுங்கள். ஆனால் நீங்கள் அன்று செய்ததில் தவறில்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது, 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 3 ஊரடங்கு அன்று எனப் பலமுறை உங்கள் நாட்டில் இந்தக் கதவு மூடப்பட்டது. 2022-இல் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, தான் வி.பி.என். வழியாகத்தான் எழுதுவதாகவும் இப்படித் தடை செய்வது வீண் என்றும் ட்விட்டரில் போட்டார். அன்று மாலைக்குள் தடை விலகியது.

பதற்றமான நாளில் தேடி எடுப்பதில்தான் ஆபத்து. அன்றைக்கு எல்லாரும் ஒரே சொல்லைத் தேடுவார்கள். அந்தக் கூட்டத்துக்காகவே கடை விரித்தவர்கள் முன்னால் வந்து நிற்பார்கள். அமைதியாக இருக்கும் இந்த நாட்களில், மேலே சொன்ன முல்வாட், புரோட்டான் இரண்டில் ஒன்றைப் போட்டு, ஒருமுறை இணைத்துப் பார்த்து வையுங்கள். வீட்டில் மற்றவர்களின் கைபேசியிலும் போட்டுக் கொடுங்கள்.

இணையத்தையே முழுதாக நிறுத்திவிட்டால் இது எதற்கும் உதவாது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் நடந்தது அதுதான். குழாய் போடுவதற்குக் கம்பியே இல்லை. அடுத்த ஜனவரியில் 2ஜி வேகத்தில், அனுமதித்த தளங்களை மட்டும் திறந்துவிட்டபோதுதான் அங்கே மக்கள் வி.பி.என். தேடினார்கள். அதற்காகவே போலீஸ் வழக்குப் பதிந்தது. அதனால் முக்கியமான தொலைபேசி எண்களை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.

கணவரை விட்டுப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். நான் எங்கே போகிறேன், யாரிடம் பேசுகிறேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. வி.பி.என். போட்டால் நின்றுவிடும் என்று தோழி சொல்கிறாள். (ஊர் வேண்டாம்)

நிற்காது அம்மா. தோழி நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை நம்பி நீங்கள் தைரியமாக இருந்துவிடக் கூடாது. வி.பி.என். போனிலிருந்து வெளியே போகும் வழியை மட்டுமே மறைக்கும். அவர் பார்ப்பது பெரும்பாலும் போனுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்றின் வழியாக. பல நேரம் அது பெரிய தொழில்நுட்பமாகவும் இருக்காது. கல்யாணமான புதிதில் அவர் போட்டுக் கொடுத்த கூகுள் கணக்கு, கூகுள் மேப்ஸில் என்றோ பகிர்ந்து நிறுத்தாமல் விட்ட இருப்பிடம், வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அவருடைய லேப்டாப், பாஸ்வேர்டு மறந்தால் அனுப்புவதற்காகக் கொடுத்த அவருடைய எண். இவற்றுக்குப் பிறகுதான் உளவு பார்க்கும் செயலி ஏதாவது மறைத்து வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

எதையும் உடனே நீக்க வேண்டாம். இதை இரண்டு முறை படியுங்கள். நீங்கள் துண்டித்த அந்த நிமிடமே அவருக்குத் தெரியும். அவர் கோபக்காரர் என்றால் அடுத்து என்ன செய்வார் என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணை அம்மாவின் போனிலிருந்து கூப்பிடுங்கள், உங்கள் போனிலிருந்து வேண்டாம். கணக்கில் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பக்கத்தை வேறொரு போனால் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது அதுதான் சாட்சி. பிறகு அவர் கை படாத ஒரு போனில் புதிய கணக்கு, புதிய பாஸ்வேர்டு, உங்கள் பெயரில் வாங்கிய சிம். வக்கீலிடம் பேசுவதும் வீடு பார்ப்பதும் அதில். பழைய போன் கொஞ்ச நாள் வழக்கம்போல வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தக் கேள்வியைப் போனில் அனுப்பாமல் இன்லாண்ட் லெட்டரில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தர வேண்டும் என்று தோன்றினால், நானும் என் மனைவியும் வருகிறோம். இதழ் அலுவலகத்துக்கு மறுபடியும் கடிதமாகவே எழுதுங்கள்.